வாசகர் கேள்வி–பதில்: ‘வேட்பாளர்’ என்ற சொல் ஏன் சிறுத்துப்போகிறது?

உள்ளாட்சித் தேர்தல் தட்டிகளிலும் சுவர்களிலும் எழுதப்படும் வாசகங்களைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊரக வளர்ச்சித் துறையில் பணியாற்றிய காலத்தில் வேட்புமனு வாங்கும் மேசையில் சில தேர்தல்களுக்கு உட்கார்ந்திருந்தவன் என்பதால், பதில்களில் அலுவலக வாடை அடித்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி: ஐயா, சென்ற தேர்தலில் எங்கள் ஊரில் ஒருவர் வைத்த தட்டியில், அவருடைய பெயருக்குக் கீழே ‘ஊராட்சி மன்றத் தலைவர்’ என்பது ஒரு முழம் உயரத்துக்கும், அதற்குக் கீழே ‘வேட்பாளர்’ என்பது விரற்கடை அளவுக்கும் எழுதப்பட்டிருந்தன. கேட்டதற்கு, ‘எழுதித்தானே இருக்கிறேன்’ என்றார். இதைப் பொய் என்று சொல்லலாமா? (வாசகர், மணப்பாறை)

பதில்: சொற்களைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் தட்டி என்பது உட்கார்ந்து படிக்கிற பத்திரிகை அன்று. ஓடுகிற பேருந்தின் சன்னலிலிருந்தும், வண்டியின் பின்னிருக்கையிலிருந்தும், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களாலும் ஒரு நொடியில் பார்க்கப்படுவது. அந்த ஒரு நொடியில் கண்ணில் விழுவது எதுவோ அதுதான் தட்டி சொன்ன செய்தி. விரற்கடை எழுத்தில் இருப்பது வாக்காளருக்காக எழுதப்பட்டதன்று. நாளைக்கு யாரேனும் கேள்வி கேட்டால் எடுத்துக்காட்டுவதற்காக எழுதப்பட்டது. உங்களிடம் அவர் அதைத்தான் செய்தார்.

இந்தச் சிக்கல் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் நகர மேயர், மாவட்ட ஷெரீப், பள்ளிக் குழு உறுப்பினர் என்று எண்ணற்ற உள்ளூர்ப் பதவிகளுக்குத் தேர்தல் நடக்கிறது. வீட்டு முற்றங்களில் சிறு அட்டைகளை நட்டுவைப்பது அங்கே வழக்கம். பெயரையும் அதற்கடுத்துப் பதவியையும் மட்டும் போட்டால், நிற்பவர் ஏற்கெனவே அந்தப் பதவியில் இருப்பவர் போலத் தோன்றிவிடும். ஆகவே டெக்சாஸ் மாநிலத்தின் தேர்தல் சட்டத் தொகுப்பில் 255.006 என்னும் பிரிவு, பதவியில் இல்லாத ஒருவர் அப்பதவியின் பெயரைத் தம் விளம்பரத்தில் போடும்போது, ‘பதவிக்கு’ என்று பொருள்படும் ‘ஃபார்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தெளிவாகத் தெரியும்படி சேர்த்தாக வேண்டும் என்றும், அந்தச் சொல்லின் எழுத்து பதவிப் பெயரின் எழுத்தில் பாதி அளவுக்கேனும் இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. தெரிந்தே மீறுவது குற்றம். மூன்றெழுத்துச் சொல் ஒன்றின் உயரத்தை அளப்பதற்கு ஒரு சட்டமன்றம் மெனக்கெட்டிருக்கிறது என்றால், அந்தச் சொல் எத்தனை முறை சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போயிருக்க வேண்டும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

நம் தேர்தல் சட்டங்கள் எழுத்தின் அளவுக்குள் இவ்வளவு தூரம் நுழைவதில்லை. ஆனால் தமிழிலேயே ஒரு வழி இருக்கிறது. ‘வேட்பாளர்’ என்ற சொல் நம் மொழியில் கடைசியில் வந்து நிற்பதால்தான் அதைக் கீழ்வரிக்குத் தள்ளுவதும் சுருக்குவதும் எளிதாகின்றன. ‘ஊராட்சி மன்றத் தலைவர் பதவிக்குப் போட்டியிடும்’ என்று ஒரே வரியில் ஒரே அளவில் எழுதிவிட்டு அடுத்த வரியில் பெயரைப் போட்டால், எந்தச் சொல்லையும் ஒளிக்க இடமில்லை. வரி நீளமாகிவிடும் என்பார்கள். ஒருமுறை இதே யோசனையை ஒரு வேட்பாளரிடம் சொன்னபோது, ‘இடம் போதவில்லை ஐயா’ என்றார். அவருடைய தட்டியில் பதினொரு பேருடைய படங்கள் இருந்தன.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் 2019-இல் வென்றவர், இப்போது வரப்போகும் தேர்தலுக்காகச் சுவர்களில் ‘நமது தற்போதைய தலைவர்’ என்று எழுதத் தொடங்கிவிட்டார். அவருக்கு முன் தலைவராக இருந்தவரும் ‘மீண்டும் உங்கள் தலைவர்’ என்று எழுதுகிறார். இருவரில் யார் சொல்வது சரி? (வாசகி, உசிலம்பட்டி)

பதில்: முதலாமவர் சொல்வது உறுதியாகத் தவறு. 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் 27 மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 2020 ஜனவரியில் பதவியேற்றார்கள். அவர்களுடைய ஐந்தாண்டுக் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குச் சென்றன. பதவிக்காலம் முடிந்து அடுத்த தேர்தல் நடக்காத ஊராட்சியில் ‘தற்போதைய தலைவர்’ என்று எவரும் இல்லை. அங்கே கோப்பில் கையெழுத்திடுகிறவர் தனி அலுவலர்தான். ‘முன்னாள்’ என்ற சொல்லைக் கேட்டாலே நம் தலைவர்களுக்கு முகம் சுருங்குகிறது. ஏதோ பதவியோடு ஆயுளும் போய்விட்டது போல. ஆனால் அவருடைய நிலையைச் சரியாகச் சொல்கிற சொல் அதுதான்.

‘மீண்டும்’ என்பது கொஞ்சம் நுட்பமானது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மறுமுறை தேர்ந்தெடுங்கள் என்று பொருள்படும் சொல்லை, அப்பதவியில் இருந்துகொண்டிருப்பவரும் அப்பதவிக்கான கடைசித் தேர்தலில் வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவருமான ஒருவர் மட்டுமே பொதுவாகப் பயன்படுத்தலாம். இடையில் நியமனத்தின் வழியாகப் பதவிக்கு வந்தவர் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. தமிழில் ‘மீண்டும்’ என்பது அவ்வளவு இறுக்கமான சொல்லன்று. ஒருமுறை இருந்தவர் பத்தாண்டு கழித்து வந்தாலும் மீண்டும் வந்தவர்தான். ஆகவே இரண்டாமவரைப் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் 2011 முதல் 2016 வரை இருந்தவர் என்றால், அந்த ஆண்டுகளையும் சேர்த்து எழுதுவதுதான் நேர்மை. நடுவில் ஒரு தேர்தலில் ஊர் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதும், 2016 அக்டோபரிலிருந்து 2020 தொடக்கம் வரை தேர்தலே நடக்காமல் தனி அலுவலர்கள் இருந்தார்கள் என்பதும் அந்த ஆண்டு எண்களைப் பார்த்தாலே ஊருக்கு நினைவு வந்துவிடும். ஆண்டைப் போடாமல் விடுவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம்.

கேள்வி: ‘வெற்றி வேட்பாளர்’ என்று வாக்குப்பதிவுக்கு முன்னரே போட்டுக்கொள்வது ஏமாற்று ஆகாதா? (வாசகர், ஆரணி)

பதில்: ஆகாது. தொகுதியில் எல்லா வேட்பாளர்களும் வெற்றி வேட்பாளர்களாக நிற்பதை நாற்பது ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய வாக்காளர் யாரும் அதை நம்பி ஏமாறுவதில்லை. ‘உங்கள் வீட்டுப் பிள்ளை’ என்பதும் இதே வகை. நம்பப்படாத மிகையால் கெடுதல் இல்லை. நம்பப்படக்கூடிய அரைகுறை உண்மையால்தான் கெடுதல்.

கேள்வி: கிராம ஊராட்சித் தேர்தல் கட்சி சார்பற்றது என்கிறார்கள். ஆனால் தலைவர் பதவிக்கு நிற்பவர்களின் தட்டிகளில் கட்சித் தலைவர்களின் படங்கள் நிறைந்திருக்கின்றன. இது எப்படி? (வாசகர், திண்டிவனம்)

பதில்: ஊரகத் தேர்தலில் வாக்காளர் கையில் நான்கு வாக்குச்சீட்டுகள் தரப்படுகின்றன. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஊராட்சி ஒன்றியக் குழு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சிக் குழு உறுப்பினருக்கு மஞ்சள். முதல் இரண்டு பதவிகளும் கட்சி அடிப்படை இல்லாதவை. அவற்றுக்குச் சுயேச்சைச் சின்னங்களே ஒதுக்கப்படுகின்றன. பின்னிரண்டும் கட்சி அடிப்படையில் நடப்பவை. தந்திரம் எங்கே நுழைகிறது என்றால், கட்சிச் சின்னத்தில் நிற்கும் ஒன்றியக் குழு வேட்பாளரும் சுயேச்சைச் சின்னத்தில் நிற்கும் தலைவர் வேட்பாளரும் ஒரே தட்டியில் சேர்ந்து நிற்கும்போது, மேலே உள்ள கட்சித் தலைவரின் படம் இருவருக்கும் குடை பிடிக்கிறது. பச்சைச் சீட்டுக்குச் சொன்னது இளஞ்சிவப்புச் சீட்டுக்கும் ஒட்டிக்கொள்கிறது.

கட்சி ஆதரிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. கட்சியின் ஒன்றிய அமைப்பு ஒருவரை ஆதரிப்பதாக முடிவு செய்திருந்தால், ‘இன்ன கட்சியின் ஆதரவு பெற்றவர், சின்னம் பூட்டு சாவி’ என்று சொல்லால் எழுதிவிடலாமே. சொல்லால் எழுதினால் அதற்குப் பொறுப்பு உண்டு, மறுப்பதற்கும் ஆள் உண்டு. படத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் இரண்டும் இல்லை. ஒரே கட்சியைச் சேர்ந்த இருவர் ஒரே தலைவர் பதவிக்கு எதிரெதிராக நின்று, இருவருமே ஒரே தலைவரின் படத்தைப் போட்ட ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே வாக்காளருக்கு அந்தப் படம் சொன்ன செய்தி என்ன என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வண்ணத்தைக் குறிப்பிட்டு ‘இளஞ்சிவப்பு நிறச் சீட்டில்’ என்று எழுதுகிற தட்டிகள் இவற்றைக் காட்டிலும் எவ்வளவோ பயனுள்ளவை.

கேள்வி: ‘இவண்: ஊர்ப் பொதுமக்கள்’ என்று போட்ட சுவரொட்டி எங்கள் தெருவில் ஒட்டப்பட்டது. நானும் ஊர்ப் பொதுமக்களில் ஒருத்திதான்; என்னை யாரும் கேட்கவில்லை. (வாசகி, பரமக்குடி)

பதில்: ஒரு சுவரொட்டியில் உள்ள பெரிய பொய் சில நேரங்களில் அதன் கடைசி வரியில் இருக்கிறது. காசு கொடுத்தவர் வேட்பாளரோ அவருடைய மைத்துனரோ ஆக இருப்பார். கையெழுத்து மட்டும் ஊருடையது. ‘ஊர் பொது வேட்பாளர்’ என்பதும் இதன் உடன்பிறப்புத்தான். ஊர்க்கூட்டத்தில் நாலு பெரியவர்கள் பேசி முடித்ததை ஊர் முடிவு என்று எழுதிவிட்டால், எதிர்த்து மனுச் செய்ய நினைப்பவர் ஊரையே எதிர்ப்பவராகிவிடுகிறார். பதவிகளை ஏலம் விடும் வழக்கமும் இந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டது என்பதைத் துறையில் இருந்த எவரும் மறுக்கமாட்டார்கள்.

நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்கு 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127ஏ என்னும் பிரிவு இருக்கிறது. தேர்தல் துண்டறிக்கை, சுவரொட்டி எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகிய இருவருடைய பெயரும் முகவரியும் முகப்பில் இருக்க வேண்டும். வெளியிடுபவர் தாம் யார் என்பதற்கான உறுதிமொழியில் கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இருவரின் சான்றொப்பத்தோடு இரு படிகளாக அச்சகத்தாரிடம் தர வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூட்டம் நடக்கும் நாளையும் இடத்தையும் மட்டும் அறிவிக்கிற சுவரொட்டிக்கு இது பொருந்தாது. உள்ளாட்சித் தேர்தலிலும் மாநிலத் தேர்தல் ஆணையம் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்களைப் போடும் ஒழுங்கை வலியுறுத்துகிறது. ‘ஊர்ப் பொதுமக்கள்’ என்பது பெயரும் அன்று, முகவரியும் அன்று. அந்தச் சுவரொட்டியைப் படம் எடுத்துத் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்து வடிவில் கொடுங்கள். ‘நானும் பொதுமக்களில் ஒருத்தி, எனக்குத் தெரியாது’ என்ற உங்கள் வாசகத்தை அப்படியே எழுதலாம், அதைவிடத் தெளிவாக எழுத என்னாலும் முடியாது.

கேள்வி: ஐயா, நான் ஐந்தாண்டு வார்டு உறுப்பினராக இருந்தேன். எங்கள் தெருவுக்குச் சிமெண்டுச் சாலையும் வீட்டுக்குக் குழாயும் வந்தன. ‘நான் கொண்டு வந்தேன்’ என்று எழுதலாமா? எதிர்த்து நிற்பவர், ‘அது அரசாங்கப் பணம், இவர் என்ன கொண்டு வந்தார்’ என்கிறார். (முன்னாள் வார்டு உறுப்பினர், அறந்தாங்கி அருகில்)

பதில்: வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் எழுதுவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள்.

எதிர்த்து நிற்பவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு கிராமத் தெருவின் சாலை ஊரக வேலை உறுதித் திட்டத்தில் போடப்பட்டிருக்கலாம், நிதிக்குழு மானியத்தில் போடப்பட்டிருக்கலாம், சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதியிலோ, ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய் என்று ஒதுக்கப்படும் நாடாளுமன்ற உறுப்பினரின் நிதியிலோ போடப்பட்டிருக்கலாம். வீட்டுக் குழாய் ஜல் ஜீவன் திட்டத்தில் வந்திருந்தால் நம் மாநிலத்தில் அதற்கான பணத்தை மத்திய, மாநில அரசுகள் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. இதனால்தான் ஒரே சாலையை வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் குழு உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர் ஆகிய நால்வரும் ‘நான் போட்டது’ என்று எழுதுகிறார்கள்; எண்ணிப் பார்த்தால் ஊரில் உள்ளதைப் போல நான்கு மடங்குச் சாலை சுவரில் இருக்கும்.

மற்றப் பாதியை அவர் மறைக்கிறார். பணம் மேலிருந்து வந்தாலும், எந்தத் தெருவுக்கு முதலில் என்ற முடிவு ஊராட்சிக் கூட்டத்தில்தான் எடுக்கப்படுகிறது. கூட்டத்தில் உங்கள் தெருவை முன்வைத்தது, தீர்மானத்தில் ஏற்றியது, ஒப்பந்ததாரர் பாதியில் விட்டுப் போனபோது ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாக நடந்தது ஆகியவையெல்லாம் உங்கள் வேலைதான், அதைச் சொல்லிக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை. ஆகவே ‘கொண்டு வந்தேன்’, ‘வழங்கினேன்’ என்ற சொற்களை விட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: ‘நான் வார்டு உறுப்பினராக இருந்த 2020–2025 காலத்தில், ஊராட்சித் தீர்மானத்தின்படி, இன்ன நிதியில், இன்ன தெருவுக்கு இத்தனை மீட்டர் சாலை அமைக்கப்பட்டது, தீர்மானத்தை முன்மொழிந்தவள் நான்.’ தீர்மானத்தின் தேதி தெரிந்தால் அதையும் சேருங்கள். பணிக்கான பெயர்ப்பலகை தெருமுனையில் இருந்தால் நிதியின் பெயரும் மதிப்பும் அதில் இருக்கும். இல்லாவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டால் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும், அதனால் இப்போதே போட்டுவிடுங்கள். சுவரில் இது கவர்ச்சியாக இருக்காது என்பது உண்மைதான். ஆனால் மீட்டர் கணக்கோடு எழுதிய வாசகத்தை மறுக்க வேண்டுமானால் எதிராளி நாடாவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்க வேண்டும். அந்தச் சிரமத்தை நம் ஊரில் யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 2025 ஜனவரிக்குப் பின் தனி அலுவலர் காலத்தில் முடிந்த பணி எதுவும் இருந்தால், அது உங்கள் காலத்தில் தொடங்கியது என்று தனியாகக் குறிப்பிடுங்கள். உங்கள் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம்.

கேள்வி: பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டில் நிற்பவரின் தட்டியில் கணவருடைய படம் பெரிதாகவும் வேட்பாளருடைய படம் அஞ்சல்தலை அளவிலும் இருக்கிறது. இதைத் தடுக்க முடியாதா? (வாசகி, தருமபுரி)

பதில்: தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கான ஒதுக்கீடு 2016-இல் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. படத்தின் அளவை உயர்த்தும் சட்டம் வரவில்லை. ‘இன்னாரின் மனைவி’ என்று எழுதுவது ஊரில் ஆளை அடையாளம் காட்டும் வழக்கம், அதில் வஞ்சகம் இல்லை. கணவர் கைகூப்பி நிற்க, வேட்பாளர் மூலையில் ஒதுங்கியிருக்கும் தட்டி வேறு. ஒருவகையில், நாளைக்கு நாற்காலியில் உட்காரப்போவது யார் என்று அது ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது; அதை எழுதியவரின் நோக்கம் அதுவாக இல்லாவிட்டாலும், தேர்தல் காலத்தில் அவ்வளவு வெளிப்படையான தட்டியை நான் அதிகம் கண்டதில்லை. வாக்காளர் அதை அப்படியே படித்துக்கொள்ளலாம்.

கேள்வி: மாநகராட்சி வார்டுக்கு நின்ற ஒருவர் 2022-இல் ‘மேயர் வேட்பாளர்’ என்று தட்டி வைத்தார். மற்றொருவர் ‘டாஸ்மாக் கடையை மூடுவேன்’ என்று எழுதினார். இவை சரியா? (வாசகர், கோவை)

பதில்: 2011-இல் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022-இல் அப்படியில்லை: பிப்ரவரி 19-இல் வாக்காளர்கள் மாமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், அந்த உறுப்பினர்கள் மார்ச் 4-இல் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே வாக்காளர் முன் நின்றபோது அவர் மேயர் வேட்பாளர் அல்லர். அப்படி ஒரு வேட்பாளர் வாக்குச்சீட்டிலேயே இல்லை. ‘கடையை மூடுவேன்’ என்பதில், மூடும் அதிகாரம் வார்டு உறுப்பினரிடம் இல்லை. ‘மூடச்சொல்லி மன்றத்தில் தீர்மானம் கொண்டுவருவேன்’ என்று எழுதியிருந்தால் அவரால் செய்ய முடிந்த காரியம் அது. ‘செய்வேன்’ என்பதற்கும் ‘செய்யச் சொல்வேன்’ என்பதற்கும் இடையில் இருக்கும் தூரம்தான் உள்ளாட்சி உறுப்பினரின் அதிகார எல்லை.

கேள்வி: என் அண்ணன் தேர்தலில் நிற்கிறார். அவர் கோவில் பணத்தைத் தின்றுவிட்டதாகப் பெயரில்லாத மொட்டைச் சுவரொட்டியை இரவோடு இரவாக ஒட்டியிருக்கிறார்கள். என்ன செய்வது? (வாசகர், பண்ருட்டி)

பதில்: தேர்தல் முடிவைப் பாதிக்கும் நோக்கத்தோடு, பொய் என்று தெரிந்தே, ஒரு வேட்பாளரின் தனிப்பட்ட ஒழுக்கத்தையோ நடத்தையையோ பற்றி உண்மைச் செய்திபோல ஒன்றை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 175-ஆம் பிரிவின்படி குற்றம், 2024 ஜூலைக்கு முன் இது இந்திய தண்டனைச் சட்டத்தின் 171ஜி பிரிவாக இருந்தது. தண்டனை அபராதம் மட்டுமே. ஒட்டியவர் யார் என்று தெரியாத நிலையில் அதுவும் எட்டாக்கனிதான். அமெரிக்காவில் மின்னசோட்டா, ஓஹியோ மாநிலங்கள் தேர்தல் பொய்களைப் பொதுவாகத் தண்டிக்கும் சட்டங்களை வைத்திருந்தன. 2014-இலும் 2016-இலும் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அவற்றைச் செல்லாதவையாக்கின. எது உண்மை என்று தேர்தல் நேரத்தில் அரசு தீர்ப்புச் சொல்லப் புகுந்தால் அது பேச்சுரிமையை நசுக்கிவிடும் என்பதும், பொய்க்கு மறுபேச்சே மருந்து என்பதும் அந்த வழக்குகளில் ஓங்கிய வாதங்கள். வாக்குப்பதிவுக்கு முந்தின இரவு ஒட்டப்படும் சுவரொட்டிக்கு எந்த மறுபேச்சு போய்ச்சேரும் என்பது என் நெடுநாள் ஐயம். உங்களுக்கு இன்னும் நாள் இருந்தால், புகார் மனுவோடு நின்றுவிடாமல், கோவில் கணக்கின் வரவு செலவை அண்ணனின் பெயரும் அச்சகத்தின் பெயரும் போட்ட துண்டறிக்கையாக அச்சிட்டு வீடுவீடாகக் கொடுங்கள். பெயரில்லாத தாளுக்குப் பெயருள்ள தாள் எதிரே நிற்கட்டும். எதிராளியைப் பற்றி அதில் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

கேள்வி: நான் பிளெக்ஸ் அச்சிடும் கடை வைத்திருக்கிறேன். வேட்பாளர்கள் சொல்வதை அச்சிட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். வாசகம் தவறாக இருந்தால் எனக்கும் பொறுப்பு உண்டா? (வாசகர், ஈரோடு)

பதில்: வாசகத்தில் உள்ள தற்பெருமைக்கு நீங்கள் பொறுப்பல்லர். வெளியிடுபவர் யார் என்று எழுதி வாங்காமல் அச்சிட்டால் அதற்குப் பொறுப்பு உண்டு. ஆர்டர் எடுக்கும்போதே வெளியிடுபவரின் கையெழுத்தும் முகவரியும் இரண்டு சான்றொப்பமும் கொண்ட தாளை வாங்கிக் கோப்பில் வைத்துவிடுங்கள். தேர்தல் முடிந்த பின் பாக்கியை வசூலிக்கப் போகும்போது அந்த முகவரி எப்படியும் உங்களுக்குத் தேவைப்படும். ‘வேட்பாளர்’ என்ற சொல்லைச் சுருக்கச் சொல்லி யாராவது பக்கத்தில் நின்றால், பதவிப் பெயரின் எழுத்தில் பாதிக்குக் கீழே போவதில்லை என்று கடையில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். மறுத்தால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்று அஞ்சினால், மேலே உள்ள படங்களில் ஒன்றை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும் என்று சொல்லிப் பாருங்கள். எந்தப் படத்தை எடுப்பது என்று அவர்களுக்குள் பேசி முடிப்பதற்குள் நீங்கள் வேறு இரண்டு வேலைகளை முடித்துவிடலாம்.